‘வேண்டும்’ என்று முடியும் இலக்குகள்

புது வருடம் வந்தால் புது நோட்டு வாங்கும் பழக்கம் உங்களுக்கு உண்டா? முதல் பக்கத்தில் நல்ல கையெழுத்தில் நாவல் எழுத வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும், நிறையப் படிக்க வேண்டும், கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும், சீக்கிரம் தூங்க வேண்டும் என்று வரிசையாக எழுதிவிட்டு, பிப்ரவரி பாதியில் அந்த நோட்டு எந்த அலமாரியில் கிடக்கிறது என்றே தெரியாமல் போயிருக்கிறதா? எனக்குப் பல வருடங்கள் அப்படித்தான் போயின. ஒரு வருடம் மொத்தம் 14 இலக்குகள் எழுதினேன். ஒன்றுகூட நடக்கவில்லை. அது போனால்கூடப் பரவாயில்லை, ‘நான் எதையும் முடிக்காத ஆள்’ என்ற எண்ணம் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது, அதைக் கிளப்புவதற்கு ரொம்ப நாள் ஆனது. அந்த எண்ணம் வேறு யாருக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன், அதுவும் முதன்முறையாக ஒழுங்காக இலக்கு வைக்க நினைப்பவர்களை மனதில் வைத்து.

மேலே இருக்கும் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். எல்லாமே ‘வேண்டும்’ என்று முடிகின்றன. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. ‘எனக்கு அது வேண்டும்’ என்றால் ஆசை. ‘அதைச் செய்ய வேண்டும்’ என்றால் கடமை, பல சமயம் யாரோ நம்மேல் ஏற்றிவைத்த கடமை. இரண்டிலும் எப்போது, எங்கே, எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. ஆசைக்கு அது தேவையும் இல்லை. இலக்கு என்பது அந்த மூன்றையும் சொல்லும் வாக்கியம். ஒரு ஆசை எப்படி இலக்காக மாறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்கவும்.

அதற்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். புத்தாண்டுத் தீர்மானமே வீண், யாரும் கடைப்பிடிப்பதில்லை என்று சொல்பவர்கள் எங்கும் உண்டு. ஜான் நார்கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை நேரடியாகவே சோதித்தார். ஒரு பக்கம் தீர்மானம் எடுத்தவர்கள், இன்னொரு பக்கம் அதே மாதிரி மாற ஆசைப்பட்டும் தீர்மானம் எடுக்காதவர்கள், இரண்டு கூட்டத்தையும் 6 மாதம் தொடர்ந்து கவனித்தார். 2002-இல் வெளியான அந்த ஆய்வில், தீர்மானம் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறாவது மாதத்திலும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், எடுக்காதவர்களில் 4 சதவீதம் பேர்தான் மாறியிருந்தார்கள். 46 என்பது பாதிக்கும் குறைவுதான், ஆனால் 4-ஐ விட எவ்வளவு பெரியது!

அது ஏன் ஜனவரி 1? அந்த நாளுக்கென்று தனி சக்தி எதுவும் இல்லை, ஆனால் மனதுக்கு ஒரு கோடு தேவைப்படுகிறது. ‘அதற்கு முன்னால் இருந்தது பழைய நான், இனிமேல் புது நான்’ என்று கோடு போட வசதியான நாள் அது. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் ‘புதுத் தொடக்க விளைவு’ என்கிறார்கள். புது வருடத்தில் மட்டுமில்லாமல் புது மாதம், வாரத்தின் முதல் நாள் போன்ற சமயங்களிலும் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூடுதலாகப் போகிறார்கள் என்று காட்டினார்கள். ஒரு தொடக்கக்காரருக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது, ஏனென்றால் ஜனவரியில் தவறவிட்டால் அடுத்த திங்கட்கிழமையே இன்னொரு கோடு இருக்கிறது, அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எது உங்களுடையது?

சரி, இப்போது நோட்டைத் திறந்து மனதில் இருக்கும் எல்லா ‘வேண்டும்’களையும் கொட்டிவிடுங்கள். இந்தக் கட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது, பதினைந்து வந்தாலும் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் முன்னாலும் ‘எனக்கு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், முடிந்தால் வாய்விட்டே. ‘எனக்குக் கிட்டார் வாசிக்க வேண்டும்’ என்று சொல்லும்போது உள்ளே ஏதோ ஒன்று அசைகிறதென்றால் அது உங்கள் ஆசை. ‘எனக்கு இன்னொரு மொழி கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று சொல்லும்போது யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்தால், அது உங்களுக்கு யாரோ கொடுத்த வேலை. கொடுத்த வேலையைச் செய்யக் கூடாது என்றில்லை. மருத்துவர் நடக்கச் சொன்னால் நடக்கத்தான் வேண்டும். ஆனால் கற்பனை சார்ந்த வேலைகளில், எழுத்து, ஓவியம், இசை, புகைப்படம் எதுவாக இருந்தாலும், ஆசை சொந்தமாக இல்லையென்றால் மூன்றாவது வாரத்தைத் தாண்டுவது கஷ்டம். பார்க்க ஆளில்லாத, பாராட்டும் கிடைக்காத மாதங்கள் அதில் நிறைய வரும்.

பட்டியலில் எத்தனை மிச்சம் வைப்பது? என் கருத்தில் கலை சார்ந்தது ஒன்று, சொந்த வாழ்க்கை சார்ந்தது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அகலக் கால் வைக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும். மீதி இருப்பதை அடித்துப் போடாமல், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘இந்த வருடம் இல்லை’ என்று தலைப்புப் போட்டு அங்கே மாற்றி எழுதுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்த வருடம்தான் என் தலை லேசானது. ஓவியம் கற்காததற்காக ஒவ்வொரு ஞாயிறும் வரும் குற்ற உணர்ச்சி, ‘அது அடுத்த வருடத்துக்கு’ என்று எழுதி வைத்ததும் வருவதை நிறுத்திவிட்டது.

தேர்ந்தெடுத்ததை எந்தப் பக்கமாகத் திருப்பி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். சுவீடனில் ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஒரு புத்தாண்டுத் தீர்மான ஆய்வு 2020-இல் வெளியானது. ஒன்றைச் செய்யத் தொடங்குவதாகத் தீர்மானித்தவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்துத் தாங்கள் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். ஒன்றை விட்டுவிடுவதாகத் தீர்மானித்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் சுமார் 47 சதவீதம். ஆகவே ‘ராத்திரி போனைப் பார்க்க மாட்டேன்’ என்பதைவிட ‘படுக்கையில் சாய்ந்ததும் 10 பக்கம் படிப்பேன்’ என்பது நல்ல வாக்கியம். கை எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் போனைத் தேடாது.

பலன் யார் கையில்?

கலை இலக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். ‘இந்த வருடம் என் கதை ஒரு பத்திரிகையில் வர வேண்டும்’ என்று எழுதுகிறோம். கேட்க அருமையாக இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதையைத் தேர்ந்தெடுப்பது ஆசிரியர். அவருக்கு வந்து சேர்ந்த மற்றக் கதைகள், அந்த இதழில் இருந்த இடம், அவருடைய ரசனை எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும் ஒன்றை நீங்கள் உங்கள் இலக்காக எழுதி வைத்தால், டிசம்பரில் உங்கள் வருடத்துக்கு மதிப்பெண் போடுபவர் வேறொருவர் ஆகிவிடுகிறார். ஆயிரம் பேர் பின்தொடர வேண்டும், போட்டியில் பரிசு வாங்க வேண்டும் என்பவையும் இதே ரகம்.

இதையே ‘டிசம்பருக்குள் 6 கதைகள் எழுதி, திருத்தி, 6 இடங்களுக்கு அனுப்புவேன்’ என்று மாற்றினால் ஒவ்வொரு சொல்லும் உங்கள் கைக்குள் வந்துவிடுகிறது. ஆறும் திரும்பி வந்தாலும் இலக்கு நிறைவேறிவிட்டது. எனக்கு இது உடனே புரியவில்லை. ஒரு வருடம் நான் அனுப்பிய நான்கு கதைகளும் ஏற்கப்படவில்லை, பதில்கூட வரவில்லை, வருடமே வீண் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வருடம் ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது திரும்பிப் பார்த்தால், வாழ்க்கையில் முதன்முதலாக நான்கு கதைகளை நான் முழுசாக முடித்த வருடம் அது! கொண்டாட வேண்டிய வருடத்துக்குத் துக்கம் அனுசரித்திருக்கிறேன்.

அளவை எப்படி வைப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப். பல வருடங்கள் அஞ்சல் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், வாழ்நாளில் மொத்தம் 47 நாவல்கள். காலை 5:30 மணிக்கு மேசையில் இருப்பார். தன்னை எழுப்பிவிடுவதற்கென்றே வீட்டு வேலைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதினார். எத்தனை பக்கம் எழுதினோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் தினமும் குறித்துவந்தார். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கம், ஆனால் சில சமயம் அந்த அளவை 20 வரை இறக்கியிருக்கிறார், சில சமயம் 112 வரை ஏற்றியிருக்கிறார். பலரும் இந்தக் கதையில் 5:30 மணியையும் 47 நாவல்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு பயந்துபோகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 20. அப்படிப்பட்ட மனிதரே வாழ்க்கை நெருக்கும்போது அளவைப் பாதியாக்கிக்கொண்டார், நோட்டை மூடிவிடவில்லை.

நமக்கு 47 நாவல்கள் தேவையில்லை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 300 சொற்கள், வாரத்துக்கு 5 நாள், உடம்பு சரியில்லாதது, விருந்தாளி, பயணம் எல்லாவற்றுக்கும் 4 வாரங்களைக் கழித்து 48 வாரம். 72,000 சொற்கள் வருகின்றன, ஒரு நாவலின் முதல் வரைவுக்கு அது போதும். படம் வரைபவராக இருந்தால் வாரத்துக்கு 3 சின்னப் படம் என்று வைத்தாலே வருடக் கடைசியில் 144. தினமும் செய்ய முடிகிற அளவு பார்வைக்குக் கேவலமாகச் சின்னதாக இருக்கும். அப்படி இருந்தால் சரியான அளவைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

இலக்கு என்றாலே ‘ஸ்மார்ட்’ முறை என்று ஒன்றை எல்லோரும் சொல்வார்கள்: குறிப்பாக, அளக்கும்படியாக, கெடுவோடு இருக்க வேண்டும் என்று போகும் அது. ஜார்ஜ் டோரன் 1981-இல் நிர்வாகிகளுக்காக எழுதியது. சேமிப்பு, நடை, தூக்கம் போன்ற சொந்த இலக்குகளுக்கு அது நன்றாகவே உதவும். கலை வேலையில் பாதிதான் உதவும் என்பது என் அனுபவம், ஏனென்றால் நல்ல கதை எது என்பதை அளக்க முடியாது, மேசையில் எத்தனை மணி நேரம் இருந்தோம் என்பதை அளக்கலாம். அளக்க முடிந்ததை அளந்துகொண்டு, தரத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968 முதல் செய்த ஆய்வுகள், ‘முடிந்தவரை செய்’ என்று சொல்வதைவிடக் குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுத்தால் மக்கள் அதிகம் சாதிக்கிறார்கள் என்று காட்டின. அதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. அந்த வேலையே நமக்குப் புதிது, சிக்கலானது என்றால், ‘இவ்வளவு சாதிப்பேன்’ என்பதைவிட ‘இவற்றைக் கற்றுக்கொள்வேன்’ என்று இலக்கு வைப்பதே நல்ல பலன் தருகிறது. அதாவது நேற்றுத்தான் கிட்டார் வாங்கினீர்கள் என்றால், ‘டிசம்பரில் மேடையில் வாசிப்பேன்’ வேண்டாம். ‘மார்ச்சுக்குள் 8 கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகளை) தடுமாறாமல் மாற்றி மாற்றிப் பிடிக்கக் கற்பேன்’ என்று தொடங்குங்கள்.

‘-தும்’ போட்டு எழுதுங்கள்

இப்போது உங்களிடம் ஒரு கலை இலக்கு, ஒன்றிரண்டு சொந்த இலக்கு, அவற்றுக்கு அளவு எல்லாம் இருக்கின்றன. மிச்சம் இருப்பது எப்போது, எங்கே என்பது. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களில் இருந்து இதைத்தான் ஆராய்ந்தார். ‘இன்னது நடந்தால் நான் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே இணைத்து வைத்தால், வெறும் எண்ணத்தைவிட அது அதிகம் நிறைவேறுகிறது என்றார். இந்த முறையைச் சோதித்த 94 ஆய்வுகளை அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது பலன் தெளிவாகவே தெரிந்தது. முடிவெடுக்கும் பாரம் அந்த நேரத்தில் நம்மேல் விழுவதில்லை, சூழ்நிலையே நம்மை எழுப்பிவிடுகிறது, அதுதான் காரணம்.

நம் மொழியில் இதற்கென்றே ஒரு விகுதி தயாராக இருக்கிறது. முடிந்ததும், வந்ததும், எழுந்ததும். இந்த ‘-தும்’ இருக்கும் வாக்கியத்தில் சோம்பலுக்கு இடைவெளியே கிடையாது. ‘கதை எழுத வேண்டும்’ என்பது ‘காலையில் பல் துலக்கியதும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து 300 சொற்கள் எழுதுவேன்’ என்று ஆகிறது. ‘நடக்க வேண்டும்’ என்பது ‘வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், உட்காருவதற்கு முன்னால் செருப்பை மாற்றிக்கொண்டு 20 நிமிடம் நடப்பேன்’ என்று. ‘அம்மாவிடம் அடிக்கடிப் பேச வேண்டும்’ என்பது ‘ஞாயிறு துணி மடித்து வைத்ததும் அம்மாவுக்குப் போன் செய்வேன்’ என்று. முன்னால் வரும் செயல் ஏற்கெனவே தவறாமல் நடப்பதாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ‘நேரம் கிடைத்ததும்’ என்று எழுதினால் இலக்கணம் சரி, ஆனால் நேரம் ஒருநாளும் தானாகக் கிடைக்காது.

இடைஞ்சலுக்கும் இதே மாதிரி ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள். ‘காலையில் எழுத முடியாமல் போனால், ராத்திரி படுக்கையை விரித்ததும் 50 சொற்களாவது எழுதுவேன்.’ நான் காப்பாற்றிய நாட்களில் பாதி இந்த இரண்டாவது வாக்கியத்தால் காப்பாற்றப்பட்டவை.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள், 21 நாள் என்று யாராவது பதில் சொல்வார்கள். 1960-இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர், தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதியதில் இருந்து கிளம்பிய எண் அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்து ஆராய்ந்தபோது, ஒரு செயல் தன்னியல்பாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளில் இருந்து 254 நாள் வரை மாறியது. ஜனவரி 22-ஆம் தேதி உங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் வரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

விட்டுப்போன நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த வரையில் இலக்குகள் செத்துப்போவது அங்கேதான். நார்கிராஸும் டொமினிக் வான்கரெல்லியும் 1988-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், தீர்மானம் எடுத்த 200 பேரை 2 வருடம் பின்தொடர்ந்தார்கள். ஒரு வாரம் தாண்டியவர்கள் 77 சதவீதம், 2 வருடம் தாண்டியவர்கள் 19 சதவீதம். ஜெயித்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வழுக்கியிருக்கிறார்கள், சராசரியாக 14 தடவை! அதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகவே. ஒரு தடவை வழுக்கியதற்கே நோட்டை மூடி வைத்த வருடங்கள் எத்தனை. ஆரம்பசூரத்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோமே, அது ஆரம்பித்ததன் குற்றம் கிடையாது. காலண்டரில் ஒரு கட்டம் காலியானதும் மொத்தக் காலண்டரையும் கழற்றிவிடுகிறோம்.

கெடு வைக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. 1994-இல் வெளியான ஆய்வில் ரோஜர் பூலரும் குழுவினரும், உங்கள் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்று சொன்னார்கள், ஆனது சுமார் 55 நாள். எல்லாமே மோசமாகப் போனால் என்று யோசித்துச் சொல்லச் சொன்ன கணக்கே 49 நாள்தான் வந்தது, உண்மை அதையும் தாண்டியது. எனவே கதைக்கு ஒரு மாதம் போதும் என்று தோன்றினால் ஆறேழு வாரம் எழுதிக்கொள்ளுங்கள். மேலே 12 கதைகள் என்று சொல்லாமல் 6 என்று சொன்னதற்கு அதுதான் காரணம்.

யாரிடம் சொல்வது என்பதில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. ‘நான் நாவல் எழுதப் போகிறேன்’ என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். எல்லோரும் வாழ்த்தும்போது எழுதி முடித்த சந்தோஷத்தில் பாதி முன்பணமாகவே கிடைத்துவிடுகிறது. ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள், அதையும் ‘ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நான் எழுதியதை உனக்கு அனுப்புவேன், படிக்காவிட்டாலும் பரவாயில்லை, வந்ததா என்று மட்டும் பார்’ என்று சொல்லுங்கள். அப்படி ஒரு தோழி எனக்கு இருக்கிறாள். மாதக் கடைசியில் ஒன்றும் போகாவிட்டால் ‘எங்கே?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டு அனுப்புவாள்.

அப்புறம் மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30 மூன்றையும் இப்போதே காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள். அந்த நாட்களில் ஒரு அரைமணி நேரம் நோட்டோடு உட்கார்ந்து, எத்தனை நாள் செய்தேன், எந்த ‘-தும்’ வேலை செய்யவில்லை, அளவைக் குறைக்கலாமா கூட்டலாமா என்று பார்த்தால் போதும். அந்த இலக்கே இனி வேண்டாம் என்று தோன்றினால் அதையும் அன்றைக்கு முடிவு செய்யலாம், கடைசிப் பக்கத்துக்கு அதை மாற்றிவிட்டு, அங்கே காத்திருக்கும் ஒன்றை முன்னால் கொண்டுவரலாம். இடையில், சலித்துப்போன ஏதோ ஒரு ராத்திரியில், இந்த முடிவை மட்டும் எடுக்காதீர்கள்.

இந்த வருடத்துக்கான என் முதல் பக்கத்தில் மூன்றே வரிகள் இருக்கின்றன. ‘பல் துலக்கியதும் 300 சொற்கள், முடியாவிட்டால் படுக்கை விரித்ததும் 50. வீட்டுக்கு வந்ததும் 20 நிமிட நடை. மாதக் கடைசி மாலை விளக்குப் போட்டதும் அவளுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்புவேன்.’ மூன்றாவது வரியில் ஒரு ‘வேண்டும்’ ஒளிந்திருப்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன், ‘அவளுக்கு அந்த மாதம் எழுதியதை அனுப்புவேன்’ என்று திருத்திவிட்டேன்.